பினாங்கு: படகில் வந்து, நடந்து பார்க்க வேண்டிய ஊர்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு இன்று இரண்டு பாலங்கள். ஒன்று 1985-இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர், இன்னொன்று 2014-இல் திறந்தது, 24 கிலோமீட்டர். காரில் வருகிறவர்களுக்குப் பாலத்தை விட்டால் வேறு வழியில்லை, படகு இப்போது கார் ஏற்றுவதில்லை. தோளில் ஒரு பையோடு வருகிறவர்கள் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து படகு ஏறுவதுதான் சரி. தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுன் கடலைப் பார்த்து எழுந்த ஊர். பாலங்கள் ஊருக்குத் தெற்கே கொண்டுபோய் விடுகின்றன. அங்கிருந்து நெரிசலில் ஊர்ந்து வர வேண்டும். படகோ நேராக ஊரின் வாசற்படியில் இறக்கிவிடும்.

கோலாலம்பூரிலிருந்து வரும் மின்ரயில் பட்டர்வொர்த்தில் நிற்கும். ரயில் நிலையம், பினாங்கு சென்ட்ரல் பேருந்து நிலையம், படகுத்துறை மூன்றும் நடைபாலத்தால் இணைந்தவை. வெயிலோ மழையோ படாமல் போய்விடலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 2 ரிங்கிட். ரொக்கத்தை நம்பி நிற்க வேண்டாம், முன்பணம் ஏற்றிய டச் அண்ட் கோ அட்டையோ வங்கி அட்டையோ கையில் இருக்கட்டும். 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய நான்கு புதுப் படகுகளும் ஒவ்வொன்றும் 250 பேரையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும். சுத்தமானவை, வேகமானவை. பத்து நிமிடம்தான், கரை வந்துவிடும்.

குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2020 கடைசி நாளோடு ஓய்வுபெற்ற பழைய படகுகளில் திறந்த தளம் இருந்தது. உப்புக்காற்று முகத்தில் அடிக்க, ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வரும். புதுப் படகில் குளிரூட்டிய அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறோம். பயணியின் வசதி கூடியது உண்மை. பழைய படகின் இருபது நிமிடக் காற்று போனதும் உண்மை. கண்ணாடியோர இருக்கை கிடைக்க முதல் ஆளாக ஏறுங்கள்.

இறங்கும் இடம் வெல்ட் கீ. அதைக் கடந்தால் பீச் ஸ்ட்ரீட். பெயரில் கடற்கரை இருக்கிறது, தெருவில் இல்லை. ஒருகாலத்தில் அலை வந்து மோதிய கரை அதுதான். 1880-களில் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது கரை கிழக்கே நகர்ந்தது, வெல்ட் கீ பிறந்தது. அந்தப் புதுக் கரையிலிருந்து கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டியவைதான் சீனக் குலத்தார் குடியிருக்கும் படகுத்துறைகள். துறைமுகத்திலிருந்து தெற்கே சில நிமிட நடையில் சியூ குலத்தாரின் துறை வரும். முன்வரிசையில் நினைவுப்பொருள் கடைகள். அவற்றைத் தாண்டிப் பலகைப் பாதையின் கடைசி வரை போனால்தான் கடல். நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள், வற்றிய நேரத்தில் சேறு நாறும். அவை மக்கள் வாழும் வீடுகள். கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே கேமராவை நீட்டுவது தவறு.

வடக்கே நடந்தால் 60 அடி உயர மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சிக்காகச் சீன வணிகர் ஒருவர் கொடுத்தது, ஆண்டுக்கு ஓர் அடி. உற்றுப் பார்த்தால் சற்றுச் சாய்ந்திருக்கும். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு செய்த வேலை. எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஆகஸ்ட் 11-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய முனை இது. முதலில் நிபோங் பனைமரத் தடுப்புதான்; செங்கல் சுவர் பிறகு வந்தது. அது போர் எதையும் பார்த்ததில்லை. 1603 என்று பொறித்த டச்சுப் பீரங்கி செரி ரம்பாயைத் தவிர உள்ளே பார்க்க அதிகமில்லை. நேரம் குறைவென்றால் வெளியிலிருந்தே சுவரைப் பார்த்துவிட்டு நகரலாம்.

ஆனால் தமிழ் வாசகர் அந்தக் கடலோரத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு, எழுபதுக்கும் மேற்பட்ட கிளர்ச்சியாளர்களை 1802-இல் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடுகடத்தியது இந்தத் தீவுக்குத்தான். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அவர்களில் ஒருவர், பதின்வயதுப் பிள்ளை. 1818-இல் ஆங்கிலேயப் படையதிகாரி கர்னல் வெல்ஷ் அவரை இங்கே கண்டபோது, இளமையிலேயே முதுமை தட்டிப்போயிருந்தது.

அடுத்த நடைதான் இந்த ஊரின் சாரம். பழைய பிட் ஸ்ட்ரீட், இன்று ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நீளத்தில் 1818-இல் கைதிகளின் உழைப்பால் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனரின் கருணைத் தெய்வமான குவான் இன் கோயில், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொகிதீன் நிறுவிய பள்ளிவாசல் என வரிசையாக வரும். மாரியம்மன் கோயிலின் பின்புறம்தான் இந்தத் தெருவில். கோபுரவாசலுக்குக் குவீன் ஸ்ட்ரீட் போக வேண்டும். பலர் இதைத் தவறவிட்டுப் போகிறார்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிர்த்துப் போனால் அங்கி கொடுத்து உள்ளே விடுவார்கள். வெள்ளி மதியம் வேண்டாம். ‘கெலிங்’ என்ற சொல் இன்று மலேசியத் தமிழரைப் புண்படுத்தும் சொல். பெயர்ப்பலகையில் இருப்பதால் வாயில் புழங்கிவிடாதீர்கள்.

வழியெல்லாம் கடைவீடுகள். கீழே கடை, மேலே வீடு, நடுவே வெளிச்சத்துக்கு ஒரு முற்றம், முன்னால் அஞ்சடி எனும் கூரையிட்ட நடைபாதை. இவ்வளவு வீடுகள் இடிபடாமல் நின்றதற்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே பெரிய காரணம். வாடகையை உயர்த்த முடியாத உரிமையாளர்கள் இடித்துக் கட்டவும் முனையவில்லை. 2000-இல் அந்தச் சட்டம் விலகியதும் பழைய குடித்தனக்காரர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு இடம் கிடைத்தது. கட்டடங்கள் பிழைத்தன, பலவற்றில் இன்று காபிக்கடையும் தங்கும் விடுதியும். அஞ்சடியில் நிழல் உண்டு. ஆனால் வீட்டுக்கு வீடு தரைமட்டம் மாறும், படி தட்டும், மோட்டார் சைக்கிளும் சரக்கும் வழியை அடைக்கும். சக்கர நாற்காலியோடு வருகிறவர்களுக்கு இது கடினமான ஊர். கால் ஓய்ந்தால் இலவச கேட் பேருந்து துறைமுகத்துக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் இடையே ஓடுகிறது.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தோளில் காவடிபோலக் கம்பு, ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு. கண்டார் என்பது அந்தக் கம்பு. கேம்பல் ஸ்ட்ரீட்டின் ஹமீதியா 1907 முதல் நடக்கிறது. வாங்கும் முறை எளிது: சோறு, பிறகு விரல் நீட்டிய கறி, கடைசியில் ‘குவா சம்பூர்’ என்று கேட்டால் நான்கைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். கோழிக்குழம்பின் காரம், மீன்குழம்பின் புளிப்பு, பருப்பின் கனம் சோற்றுக்கடியில் ஒன்றாகும். ருசியே அந்தக் கலவையில்தான். ‘பஞ்சிர்’ என்றால் சோறு மிதக்கும் அளவு. பெரிய இறால், மீன்சினை, கணவாய் ஆகியவற்றுக்கு விலை கேட்டுவிட்டு எடுங்கள். தட்டு நிரம்பிய பிறகுதான் கணக்குப் போடுவார்கள், அங்கேதான் பலர் திகைக்கிறார்கள்.

கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்குத் தனியாக அரைநாள் ஒதுக்குங்கள். கொம்தாரிலிருந்து 204-ஆம் எண் பேருந்து அடிவாரம் வரை போகும். நடத்துனர் கிடையாது, சில்லறை திருப்பித் தரமாட்டார்கள். 1923 முதல் ஓடிய பழைய ரயிலில் பாதி மலையில் வண்டி மாற வேண்டும், அரைமணி நேரம் ஆகும். 2011-இல் வந்த புது வண்டி சுமார் 2 கிலோமீட்டர் தண்டவாளத்தை ஒரே மூச்சில் ஏறிவிடும். ஏறும்போது வண்டியின் பின்முனையில் நில்லுங்கள். ஊரும் கடலும் காலடியில் விரியும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 30 ரிங்கிட். வாரநாள் காலையில் அது தகும். சனி ஞாயிறிலும் பள்ளி விடுமுறையிலும் ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும் நீண்ட வரிசை. விரைவுச் சீட்டு இரண்டு மடங்குக்கும் மேல். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், மேகம் மூடினால் மேலே போயும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அடிவாரத்தில் நின்று உச்சி தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.