மின்ட்ல யூஎஸ்பி வைஃபை டாங்கிள்: ரொம்ப நாள் ஓட்டின அனுபவம்

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து ஒவ்வொருத்தரா கேக்குறாங்க, பழைய பிசில விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை போடலாமா, வைஃபைக்கு நீங்க வெச்சிருக்கற, யூஎஸ்பில சொருகற டாங்கிளையே வாங்கிடட்டுமான்னு. மின்ட்டை யோசிக்காம போடுங்க. டாங்கிள்னு கேட்டா தான் கோவம் வருது, அதுவும் இந்த வாரம் மறுபடி கழுத்தறுத்துச்சு, அதனால விலாவாரியாவே எழுதிடறேன்.

முதல்ல நல்லதை சொல்லணும். ஏசி600 ரகம், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு வைஃபையோட ரெண்டு பேண்டும் எடுக்கும், 5 கிகாஹெர்ட்ஸ்ல 433 எம்பிபிஎஸ்னு டப்பால போட்டிருப்பாங்க, அவ்வளவு எங்கேயும் வராது, ஆனா ரூட்டர் ஹால்ல பிசி உள் ரூம்லன்னு இருந்தும் வீடியோ கால் கட் ஆனதில்ல, சூடாகறதில்ல, குடுத்த காசுக்கு ஹார்டுவேர்ல குறையே சொல்ல முடியாது.

பிரச்சனை டிரைவர், அதாவது டாங்கிளை இயக்கற சாஃப்ட்வேர். லினக்ஸ்ல டிரைவர் கர்னலுக்கு, அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதிக்கு, உள்ளேயே இருந்தா சொருகின உடனே வேலை செய்யும், அவ்வளவு தான் விஷயம். இந்த டாங்கிளோட டிரைவர் வெளியில தனியா இருக்கு. அதனால ஒவ்வொரு தடவை கர்னல் அப்டேட் ஆகும்போதும் அதை திரும்ப கம்பைல் பண்ணணும், அதாவது கோடுல இருந்து ஓடற டிரைவரா மாத்தணும், அந்த வேலைய டிகேஎம்எஸ்னு ஒரு புரோகிராம் தானா பாத்துக்கும். கர்னல் 6.8 வரிசைக்குள்ள வந்த சின்ன அப்டேட் எல்லாத்துக்கும் ஒழுங்கா பண்ணிடுச்சு, 6.14க்கு மாறினதும் கம்பைல் எரர், ரீபூட் பண்ணி பாத்தா வைஃபை ஐகானே இல்ல. கர்னலுக்கு உள்ளே இருக்கற ஃபங்ஷன்லாம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும், மாத்தறவங்களே உள்ளே இருக்கற டிரைவர் எல்லாத்தையும் சேத்து திருத்திடுவாங்க, வெளியில நிக்கற டிரைவரை யார் திருத்துவா?

வித்த கம்பெனி திருத்தணும். டப்பால பெங்குவின் படம் போட்டு லினக்ஸ் சப்போர்ட்னு அச்சடிச்சிருக்காங்க, அவங்க சைட்ல போனா ஒரு பழைய ஜிப் ஃபைல், எந்தக் காலத்து கர்னலுக்கோ எழுதினது, அதுக்கப்புறம் தொட்டதே இல்ல. இன்னைக்கு இது ஓடுதுன்னா யாரோ முகம் தெரியாத ஒருத்தர் ராத்திரி உக்காந்து சம்பளமே இல்லாம அந்த கோடை புது கர்னலுக்கு தகுந்த மாதிரி திருத்தி, கோடை எல்லாரும் பகிர்ந்துக்கற கிட்ஹப் சைட்ல போடறதால தான். இந்த வாரமும் அவர் போட்ட திருத்தம் தான் காப்பாத்துச்சு. காசு வாங்கினவன் ஒதுங்கிட்டான், வாங்காதவர் உழைக்கறார், எனக்கு இதுல தான் வயிறு எரியுது.

பிசில செக்யூர் பூட் (கையெழுத்து சரிபாக்கப்பட்ட சாஃப்ட்வேரை மட்டும் விடற பாதுகாப்பு) ஆன்ல இருந்தா இன்னொரு தொல்லை, மோக்னு சொல்ற, நம்ம டிரைவரை நம்பச் சொல்ற சாவிய பதியாத வரைக்கும் கம்பைல் ஆன டிரைவரும் லோட் ஆகாது. பாஸ்வேர்ட் வெச்சு ரீபூட் பண்ணி நீல ஸ்கிரீன்ல என்ரோல் மோக் குடுக்கணும், ஆனா இது ஒரு தடவை வேலை தான்.

எல்லாத்தையும் விட கடுப்பு, நெட் போனதை சரி பண்ணவே நெட் வேணும். அங்க தான் நான் எதிர்பாக்காத சந்தோஷம் ஒண்ணு கிடைச்சுது. ஆன்ட்ராய்டு போனை சார்ஜிங் கேபிள்ல பிசில சொருகி ஹாட்ஸ்பாட் செட்டிங்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணா மின்ட் அதை வயர்டு கனெக்ஷனாவே எடுத்துக்குது, டிரைவர் வேணாம், பாஸ்வேர்ட் வேணாம். நிறைய போன்ல, போன் வீட்டு வைஃபைல இருந்தாலே அதே வைஃபைய பிசிக்கு குடுக்கும், மொபைல் டேட்டா போகாது. அதாவது கைல இருக்கற போனே ஒரு வைஃபை டாங்கிள், அதுவும் கம்பைல் பண்ண வேண்டாத டாங்கிள். இதை ஏன் முதல்லயே யாரும் பெருசா சொல்றதில்லன்னு தெரியல. கேபிள் நல்லதா இருக்கணும், சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள்ல நடக்காது.

கேபிள் கைவசம் இல்லன்னா பூட் ஆகும்போது எதை ஓட்டணும்னு கேக்கற கிரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழைய கர்னலை எடுங்க, வைஃபை திரும்ப வந்துடும். அதுக்காகவே பழைய கர்னல் ஒண்ணை அழிக்காம வெச்சிருங்க.

இதை டைப் அடிக்கறது கூட அந்த டாங்கிள்ல தான், ஸ்பீடு அருமையா இருக்கு. இருந்தாலும் வாங்காதீங்க. வாங்கறதுன்னா மாடல் பேரை பாத்து வாங்காதீங்க, ஒரே பேர்ல வி1, வி2ன்னு போட்டு உள்ள சிப்பையே மாத்திடறாங்க, சிப் என்னன்னு பாருங்க. மீடியாடெக் எம்டி7612யு கர்னல் 4.19ல இருந்தே உள்ளே இருக்கு, சொருகினா போதும். வேற சில சிப்புக்கும் கர்னல் 6.2ல இருந்து டிரைவர் உள்ளேயே வர ஆரம்பிச்சிருக்கு. ஏற்கனவே ஏதாவது டாங்கிள் கைல இருந்தா டெர்மினல்ல எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கமாண்ட் அடிச்சு, டாங்கிளுக்கு வர்ற ஐடி நம்பரை அனுப்புங்க, உள்ள என்ன சிப்னு பாத்து சொல்றேன். அதுவரைக்கும் போன் கேபிள்ல ஓட்டுங்க.