இருபது சிடி தொகுப்பா, ஒரே ஒரு கிழவரின் குரலா?

இங்கிலாந்தின் நார்விச்சுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிட்டார். பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியம் இல்லை, தாளம் இல்லை, ஒரு வயசான ஆள் கைவேலையை நிறுத்தாமல் தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி ஒரு நீளமான கதைப்பாட்டு. யார் என்று கேட்டேன். வால்டர் பார்டன், நாப்டன் ஊர்க்காரர், தச்சுவேலை செய்தவர், இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம்தான் என்றார். நாட்டுப்புறப் பாட்டு என்றால் கிட்டாரும் தாடியும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது புதுசு.

வாங்கலாம் என்று தேடத் தொடங்கியபோதுதான் தலை சுற்றியது. பிரிட்டன், அயர்லாந்தின் பழைய ஒலிப்பதிவுகள் மறுவெளியீடாக மூன்று வழிகளில் கிடைக்கின்றன. ஒன்று, டாபிக் ரெகார்ட்ஸின் பெரிய தொகுப்பு வரிசை. இரண்டு, ஒரு பாடகருக்கு ஒரு வெளியீடு என்று சின்ன நிறுவனங்கள் போடுபவை. மூன்று, காசே இல்லாமல் இணையக் காப்பகங்களிலும் மாதச் சந்தா செயலிகளிலும் கேட்பது. மூன்றையும் நான் செய்து பார்த்துவிட்டேன். இரண்டாவதுதான் என் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டாபிக்கிலிருந்து தொடங்கலாம். 1939-ல் தொழிலாளர் இசைச் சங்கம் ஒன்றின் கிளையாகப் பிறந்த நிறுவனம் அது. 1998-ல் ‘தி வாய்ஸ் ஆஃப் தி பீப்பிள்’ என்று இருபது சிடிகளை ஒரே மூச்சில் வெளியிட்டார்கள். தொகுத்தவர் ரெக் ஹால். 2012-ல் இன்னும் சில சேர்ந்தன. தனித்தனியாகவும் வாங்கலாம் என்பது நிம்மதி. ஒவ்வொரு சிடிக்கும் ஒரு பொருள்: கடல், காதல், வேட்டையும் திருட்டு வேட்டையும், ஊரை விட்டுப் போனவர்கள், ஜிப்சிகள், தென் இங்கிலாந்தின் ஆட்ட இசை, வட இங்கிலாந்தின் ஆட்ட இசை என்று போகும். நான் ஐந்து வாங்கினேன். ஒலி நன்றாக இருக்கிறது, தேர்வு மிக நன்றாக இருக்கிறது, ஆட்ட இசை கேட்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. மெலோடியனும் (துருத்தி வைத்த கைப்பெட்டி வாத்தியம்) ஃபிடிலும் அடுத்தடுத்து வேறு வேறு கைகளில் கேட்கும்போது ஒரு வட்டாரத்தின் நடை காதில் தானாகப் படிந்துவிடுகிறது.

பாட்டு என்று வந்தால்தான் எனக்குச் சிக்கல். பொருள்வாரியாகப் பிரித்ததால் ஒரு பாடகர் இருபது சிடிகளிலும் சிதறிக் கிடக்கிறார். ஹாரி காக்ஸ் ஒரு பாட்டு பாடுவார். நார்விச் இருக்கிற நார்ஃபோக் வட்டாரத்தின் கேட்ஃபீல்டில் பண்ணைக் கூலியாக வாழ்ந்தவர், 1971-ல் இறந்தார், இங்கிலாந்தின் மிகப் பெரிய பாரம்பரியப் பாடகர்களில் ஒருவர் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஆள். அந்தக் குரல் காதில் உட்காருவதற்குள் அடுத்தது அயர்லாந்துப் பெண்மணி, அதற்கடுத்தது ஸ்காட்லாந்து நாடோடி. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வாய் சாப்பிட்டதும் இலையை எடுத்துவிடுகிற மாதிரி இருக்கும். தனித்தனியாக எல்லாமே ருசிதான், வயிறு மட்டும் நிறையாது.

இதற்கு முன்னோடியாக ஒன்று இருந்ததையும் சொல்ல வேண்டும். நாட்டுப்புறப் பாட்டு சேகரிப்பாளர்கள் பீட்டர் கென்னடியும் ஆலன் லோமாக்ஸும் தொகுத்த பத்து எல்.பி.க்கள், 1961-ல் அமெரிக்காவில் வெளியாகி, அறுபதுகளின் கடைசியில் டாபிக் மூலம் பிரிட்டனுக்கு வந்தவை. பெரியவரிடம் அதில் இரண்டு உண்டு. ‘லார்ட் ராண்டல்’ என்ற கதைப்பாட்டை அதில் போட்டுக் காட்டினார். ஒரு பெண் ஒரு கண்ணி பாடுகிறார், வெட்டு, வேறொரு குரல், வேறொரு மெட்டு, மறுபடி வெட்டு. எத்தனை விதமாகப் பாடுகிறார்கள் என்று காட்ட ஒரு பேராசிரியர் வகுப்பில் செய்வதற்குச் சரி. கேட்கிறவனுக்கு, விஷம் தின்ற மகன் செத்தானா இல்லையா என்று கவலைப்படவே நேரமில்லை. ரெக் ஹாலின் தொகுப்பு அந்த மாதிரிக் கொத்துக்கறி வேலை செய்யவில்லை, பாட்டுகளை ஒட்டுப்போடாமல் விட்டிருக்கிறது, அதற்குக் கும்பிடு.

இனி என் கட்சி. ராட் ஸ்ட்ராட்லிங் என்பவர் க்ளஸ்டர்ஷயரிலிருந்து நடத்திய மியூசிக்கல் ட்ரெடிஷன்ஸ், சஃபோக்கில் ஜான் ஹவ்சன் தொடங்கிய வெட்ரன் போன்றவை இந்த வகை. ஒருவர் இருவராகக் குடிசைத் தொழில் மாதிரி செய்தவை. அட்டைப்படம் சுமார்தான், பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரே பாடகர் இரண்டு சிடி நிறையப் பாடுவார், கூடவே ஒரு தடித்த குறிப்பேடு இருக்கும். எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்தக் குறிப்பேடுதான். விலை, இடம், ஒலித்தரம் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் பேசி முடிக்கிற விஷயங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். சாம் லார்னர் என்று ஒரு மீனவர், நார்ஃபோக்கின் விண்டர்டன் கடற்கரை ஊர், 1878-ல் பிறந்தவர். பிள்ளைப் பிராயத்திலேயே ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகில் ஏறியவர். நாட்டுப்புறப் பாடகர்களான ஈவன் மக்காலும் பெக்கி சீகரும் 1958 தொடங்கி அவரை மணிக்கணக்கில் பதிவு செய்தார்கள். அதிலிருந்து எடுத்த பேச்சும் பாட்டும்தான் 1960-ல் பிபிசி ஒலிபரப்பிய ‘சிங்கிங் தி ஃபிஷிங்’ என்ற வானொலி நிகழ்ச்சிக்கு முதுகெலும்பு. 1961-ல் ஒரு எல்.பி. வந்தது, அதை டாபிக் பின்னால் சிடியாக்கியது. 2014-ல் மியூசிக்கல் ட்ரெடிஷன்ஸ் அவருடைய பாட்டுகளை ‘க்ரூஸிங் ரவுண்ட் யார்மத்’ என்று இரண்டு சிடிகளில் போட்டது.

நான் முதலில் அவரைக் கேட்டது செயலியில். பள்ளிக்கூட ஆங்கிலம் படித்து வந்த காது என்னுடையது. நார்ஃபோக்கில் பழைய ஆட்கள் ‘ஹி கோஸ்’ என்று சொல்லமாட்டார்கள், ‘ஹி கோ’ என்பார்கள். அலுவலகத்தில் அதற்கே ஆறு மாசம் திணறினேன், இவரோ எண்பது வயசு, பல் போன வாய், கடல் பேச்சு. பாதிக்கு மேல் புரியவில்லை. அடிக்கடி ‘கிரேன்’ ‘கிரேன்’ என்று காதில் விழுந்தது. துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற இயந்திரத்தைப் பற்றி எதற்கு இந்த மனுஷன் இவ்வளவு ஆசையாகப் பேசுகிறார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அப்புறம் எழுத்தில் பார்த்தபோதுதான் அது ‘கிரான்’ என்று தெரிந்தது. ஹெர்ரிங் அளக்கிற அளவு, நம்ம மரக்கால், கலம் மாதிரி. ஒரு கிரான் என்றால் முப்பத்தேழரை கேலன், சராசரியாக ஆயிரத்து இருநூறு மீன். அது தெரிந்ததும் அவர் சொல்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் எடை வந்துவிட்டது. நூறு கிரான் என்றால் ஒரு லட்சத்துக்கும் மேல் மீன், அத்தனையையும் வலையிலிருந்து உதறி எடுத்த கைகள்.

பாடலின் முழு வரிகளும், பாடகரின் வாழ்க்கையும், பாட்டு எங்கிருந்து கிடைத்தது என்ற கதையும், ரவுட் எண்ணும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கும். ரவுட் எண் தெரியாதவர்களுக்கு: ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் ஆங்கில நாட்டுப்புறப் பாடல்களுக்கெல்லாம் எண் கொடுத்து ஒரு அட்டவணை செய்திருக்கிறார். ‘பார்பரா ஆலன்’ 54. ஒரே பாட்டு பத்துப் பெயரில் உலவும்போது இந்த எண்தான் அதற்கு ரேஷன் கார்டு. மியூசிக்கல் ட்ரெடிஷன்ஸ் தன் குறிப்பேடுகளில் பலவற்றை இணையத்திலேயே இலவசமாக வைத்திருப்பது இன்னொரு சௌகரியம், வாங்குவதற்கு முன்பே படித்துப் பார்த்துவிடலாம்.

வால்டர் பார்டனை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் தெளிவு. 2000-ல் அவருக்கு இரண்டு வெளியீடுகள். டாபிக் போட்டது ஒரு சிடி, பழைய பாட்டுகளில் பொறுக்கி எடுத்தது. மியூசிக்கல் ட்ரெடிஷன்ஸ் போட்டது இரண்டு சிடி, அவருடைய ‘மற்ற’ பாட்டுகள்: மியூசிக் ஹால் என்ற பழைய கேளிக்கை மேடைகளின் கேலிப்பாட்டு, விக்டோரியா காலத்துக் கண்ணீர்ப் பாட்டு இவையும் உண்டு. பழைய சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்டவற்றை எழுதிக்கொள்ளாமலே தாண்டிப் போவார்கள். பார்டன் எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு வைத்திருந்தார். பாட்டுகளில் பெரும்பகுதி அவர் மாமா பில்லி ஜீயிடமிருந்து வந்தவை. மாமா இறந்தபின், 1948 முதல் ஒரு நோட்டில் வரிகளை எழுதத் தொடங்கினார், மெட்டு மறந்துபோகாமலிருக்க மெலோடியனில் வாசித்து வைத்துக்கொண்டார். பாடக் கேட்க ஆள் இல்லை. 1974 வரை வெளியுலகத்துக்கு அவரைத் தெரியாது.

அவருக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். மெலோடியனில் வாசிக்கும்போது பாட்டு முடிகிற இடத்தில் துருத்தி விரிந்து நிற்கிறதா, மூடி நிற்கிறதா என்பதை வைத்தே எது பழசு, எது புதுசு என்று கண்டுபிடிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். ராக லட்சணத்தைக் கை அசைவில் படித்த மனுஷன்! ஒரே ஒரு சிடிதான் வாங்குவேன் என்றால் டாபிக் போட்டதை வாங்குங்கள், பாட்டுகள் அதில்தான் உயர்வு. அந்த ஆளே வேண்டுமென்றால் இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் அதிகம் கேட்கிறேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். இரண்டு மணி நேரம் துணைவாத்தியம் இல்லாத ஒரே குரல், அதுவும் முதுமையில் பதிவானது, எல்லோருக்கும் ஒத்துவராது. என் மனைவி மூன்றாவது பாட்டில் எழுந்து போய்விட்டாள். சின்ன நிறுவனங்கள் சில சமயம் வீட்டுக் கணினியில் எரித்த வட்டைத்தான் அனுப்புவார்கள். எனக்கு வந்த ஒன்று (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்) நாலாம் வருஷமே இரண்டாம் பாட்டில் குதிக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் சிடி வந்த அன்றே கணினியில் ஏற்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். விற்றால் விலை போகுமா என்று கேட்காதீர்கள், நான் விற்றுப் பார்த்ததில்லை.

இலவச வழி பற்றிச் சுருக்கமாக. லோமாக்ஸின் பதிவுகள் 2012 முதல் இணையத்தில் இருக்கின்றன, பதினேழாயிரத்துக்கும் மேல். ஸ்காட்லாந்துக்கு டோபர் அன் டுவல்கைஸ் என்ற இணையக் காப்பகம் இருக்கிறது. வெட்டாத, ஒட்டாத கச்சாப் பதிவு, நடுவில் இருமல், நாற்காலி நகரும் சத்தம் எல்லாம் கேட்கும். ஏற்கெனவே பிடித்துப்போன பாடகரைத் தேடிப் போனால் அது புதையல், யாரையும் தெரியாமல் போனால் காடு. சந்தாச் செயலிகள் எனக்கு அறவே ஆகவில்லை. குறிப்பேடு காணாமல் போய்விடுகிறது, நான் வைத்திருந்த செயலியில் ஒரு முழுத் தொகுப்பும் ‘பல கலைஞர்கள்’ என்று ஒரே பெயரில் இருந்தது. பெயரே இல்லாமல் ஒரு கிழவர் பாடுவதைக் கேட்டு நான் என்ன செய்ய?

அயர்லாந்து விஷயத்தில் என் அனுபவம் கொஞ்சம்தான், நாலைந்து வெளியீடுகள் கேட்டதோடு சரி. அங்கே கணக்கு கொஞ்சம் மாறும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் முக்கியமான பொக்கிஷம் நியூயார்க்கில் பதிவான 78 தட்டுகள், அதாவது நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகள். ஸ்லைகோவிலிருந்து போன மைக்கேல் கோல்மன் 1921 முதல் 1936 வரை வாசித்துத் தள்ளிய ஃபிடில் தட்டுகள்தான் இன்றைக்கும் அயர்லாந்து முழுக்கப் பாடம். அங்கே தட்டிலிருந்து எடுக்கிற வேலை முக்கியம். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே சரியாக 78 வேகத்தில் வெட்டப்பட்டவை அல்ல. 74-ல் வெட்டியதை 78-ல் சுழற்றினால் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும், ஆட்டமும் வெறிபிடித்த மாதிரி ஓடும். ஹாரி பிராட்ஷா கவனமாக மீட்டெடுத்த கோல்மன் தொகுப்பு கேல்-லின் வெளியீடாக 1992-ல் வந்தது, அதைத்தான் வாங்கினேன். மலிவுத் தொகுப்பு ஒன்றில் அதே துண்டைக் கேட்டபோது ஃபிடில் கொசு மாதிரி இருந்தது.

பாட்டுக்கு அயர்லாந்திலும் என் கட்சியே ஜெயிக்கிறது. கார்க் வட்டாரத்து எலிசபெத் குரோனினின் பாடல்களை அவருடைய பேரனே, அவர் வரலாற்றாசிரியர், 2000-ல் பெரிய புத்தகமாகப் போட்டார், உள்ளே இரண்டு சிடி. அதாவது குறிப்பேட்டுக்குள் சிடி. நூலகத்தில் எடுத்து மூன்று முறை தவணை நீட்டித்துவிட்டேன், இனிமேல் நீட்டிக்க மாட்டோம் என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள்.

டாபிக் ஐந்தில் இரண்டு ஆட்ட இசை சிடிகளையும் கடல் பாட்டையும் வைத்துக்கொண்டேன். மீதி இரண்டைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். பதிலுக்கு ஹாரி காக்ஸின் இரட்டை சிடியைக் கையில் திணித்தார். அதுவும் டாபிக்தான், ஆனால் ஒரே ஆள்.