பெண் என்று சொல்லி ஆணை விற்றார்கள்: 140 பிரிட்டிஷ் பவுண் போயிற்று

மூன்று வாரங்களுக்கு முன் என் மெக்சிக்கோ செம்முட்டி டரான்டுலா சிலந்தி சட்டை உரித்தது. மறுநாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தபோது, முதல் இணைக் கால்களின் உட்புறத்தில் சிறு கொக்கிகளும், வாயருகே உள்ள உணர்கால்களின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறை போன்ற வீக்கமும் தெரிந்தன. இவை வயதுக்கு வந்த ஆணின் அடையாளங்கள். நானோ ‘உறுதியான பெண்’ என்ற சொல்லை நம்பி 140 பவுண் கொடுத்தவன்.

ஆணானால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். மிக மெதுவாக வளரும் இந்த இனத்தில் பெண் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆண் கடைசிச் சட்டையை உரித்த பின் ஓராண்டோ, சற்றுக் கூடுதலாகவோ இருந்துவிட்டுப் போய்விடும். பெண்ணுக்குக் கூடுதல் விலை கொடுப்பதே அந்த ஆயுளுக்காகத்தான்.

வாங்கியது, இங்கே லண்டனில் பலரும் பயன்படுத்தும், வளர்ப்பு விலங்குகளுக்கான ஓர் இணைய விற்பனைத் தளத்தில். விற்றவர் இனிமையாகப் பேசினார். தொட்டியில் தேங்காய் நார்த்தூளை எவ்வளவு ஆழத்துக்குப் போட வேண்டும் என்றுகூட நான் கேட்காமலே சொல்லிக்கொடுத்தார். பெண்தானா என்று கேட்டதற்கு, கழற்றிய சட்டையை விரித்துப் பிடித்து, பெண்ணுக்கு மட்டுமே உள்ள, விந்தைச் சேமிக்கும் பை தெரியும்படி எடுத்த படத்தை அனுப்பினார். சட்டையைப் பிடித்திருந்த கட்டைவிரலின் நகம் பாதி கறுத்திருந்தது. கையால் வேலை செய்கிறவர், பொய் சொல்லமாட்டார் என்று அந்த நகத்தைப் பார்த்தே நம்பினேன். கட்டணம் மிச்சமாகும் என்று அவர் சொன்னதால், ‘நண்பருக்கு அனுப்புதல்’ என்ற வழியில் 140 பவுணையும் அனுப்பினேன். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கொக்கிகளைப் படம் பிடித்து அனுப்பியதும், “நல்லபடியாக உரித்திருக்கிறது, வாழ்த்துகள்” என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன், உரித்தவுடன் வீக்கம் இருக்கும், இரண்டு வாரம் பொறுங்கள் என்றார். பொறுத்தேன். பிறகு, உயிரோடு வந்து சேருவதற்கு மட்டுமே உத்தரவாதம் என்றார். தளத்தாரோ இது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். நேற்று விற்றவர் என்னைத் தடை செய்துவிட்டார்.

சிலந்தியின் மேல் எனக்குக் கோபமில்லை. பெண்ணைத் தேடி இரவெல்லாம் கண்ணாடியோரம் சுற்றிச் சுற்றி நடக்கிறது. வைத்த கரப்பானைத் தொடுவதில்லை.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு விரிவாக எழுத எண்ணியிருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. படத்தை நம்பாதீர்கள், சட்டையையே சிலந்தியோடு அனுப்பச் சொல்லுங்கள். ‘நண்பருக்கு’ என்று பணம் அனுப்பாதீர்கள். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று புரட்டிவிடாதீர்கள், சட்டை உரிக்கிறது.

இன்று காலை என் மனைவியின் கணக்கிலிருந்து அந்தத் தளத்தைப் பார்த்தேன். எனக்கு விற்றவர் வேறொரு சிலந்திக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். அதே சட்டை, அதே கறுத்த நகம், விலை 150 பவுண்.