அரளி இலையா, எருக்கு இலையா: வறட்சிக்கு எது கெட்டி?

வறண்ட நிலத் தாவரத்தின் உள்ளமைப்பு என்றால் நுண்ணோக்கியின் கீழ் முதலில் வருவது அரளி இலையின் குறுக்குவெட்டுதான். அதே குடும்பத்து எருக்கை யாரும் அவ்வளவாக வெட்டிப் பார்ப்பதில்லை. என் ஓட்டு எருக்குக்கு.

முதலில் அரளி. இலையின் மேல்பக்கம் தடித்த கியூட்டிகிள், அதாவது நீர் எளிதில் கசியாத மெழுகுப் படலம். அதன் கீழே புறத்தோல் இரண்டு மூன்று செல் அடுக்குகளாக இருக்கும். பாலிசேட் திசு (நெருக்கமாக நிற்கும் நீண்ட பச்சை செல்கள்) மேலும் கீழும் உண்டு, நடுவில் பஞ்சுத் திசு (இடைவெளி விட்ட தளர்வான செல்கள்). காற்றும் நீராவியும் போய்வரும் இலைத்துளைகள் கீழ்ப்பக்கத்தில் மட்டும்தான், அதுவும் ஆழமான குழிகளுக்குள். குழி முழுக்க மயிர்கள். ஈரக்காற்று குழிக்குள்ளேயே தேங்குவதால் நீராவிப்போக்கு குறைகிறது என்பது வழக்கமான விளக்கம்.

இந்த விளக்கத்தை அப்படியே ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. இதே மாதிரிக் குழிகள் கொண்ட பாங்க்சியா என்ற ஆஸ்திரேலியச் செடியை வைத்து 2009-இல் வெளியான கணிப்புகளில், குழிகளால் மிச்சமாகும் நீர் சொற்பம் என்றே தெரிந்தது. தடித்த இலையின் உள்செல்களுக்குக் கார்பன் டைஆக்சைடு போய்ச் சேரும் தூரத்தைக் குறைக்கவும் குழிகள் உதவலாம் என்ற கருத்தும் அப்போது வந்தது. இன்னொன்று, அரளி இயற்கையாக வளர்வது பெரும்பாலும் ஆற்றுப்படுகைகளிலும் ஓடைக்கரைகளிலும். மேலே வெயில் கொளுத்தினாலும் வேருக்கு எட்டும் ஆழத்தில் ஈரம் இருக்கும்.

எருக்கு நிற்பதோ பொட்டல் வெளியில். ஆனால் இலையைப் பார்த்தால் வறட்சிச் செடி என்றே தோன்றாது: அகலமானது, சதைப்பற்றானது, இலைத்துளைகள் இரண்டு பக்கமும் உண்டு, குழி எதுவும் கிடையாது. புறத்தோலும் ஒரே அடுக்குதான். இலையின் மேல் மெழுகுப் பூச்சும் வெண்ணிற மயிர்களும் உண்டு, அவை வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மிச்ச வேலை ஆழமாக இறங்கும் வேருடையது. இலை வெட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பாதி தெரியவே தெரியாது.

தண்டுக்கு வந்தால் பெரிய போட்டி இல்லை. இரண்டிலும் நீரைக் கடத்தும் சைலத்துக்கு வெளியே மட்டுமல்லாமல் உள்பக்கத்திலும், உணவைக் கடத்தும் ஃபுளோயம் இருக்கும். பட்டையில் நார்களும் இரண்டிலும் உண்டு. எருக்கு நார் கயிறு திரிக்கும் அளவுக்கு உறுதியானது. செடியின் பாலைத் தேக்கி வைக்கும் பால் குழாய்கள்தான் சுவாரசியம். கருவிலேயே தோன்றும் சில செல்கள் செடியோடு சேர்ந்து நீண்டு, கிளைவிட்டு, தண்டிலும் இலையிலும் பரவுகின்றன. செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாகும் ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் வேறு ரகம்.

சரி, வெட்டிப் பார்க்க எதை எடுப்பது? குழி இலைத்துளைகள் எப்படி இருக்கும் என்று காட்ட அரளியை விட்டால் வேறு நல்ல மாதிரி கிடைப்பது கஷ்டம், இலையும் விறைப்பாக இருப்பதால் பிளேடுக்குப் படியும். எருக்கு இலை கசங்கும், பால் வழிந்து வெட்டைக் கெடுக்கும்; தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு வெட்ட வேண்டும். இரண்டுமே விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும், அதனால் கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம்.