மூன்று சிடி, ஒரு மவுஸ்: டயப்லோ 2-க்குத் திரும்பி இரண்டு வருஷம்

மவுஸ் அண்ணன் கையில். கீபோர்டில் ஒன்றிலிருந்து நாலு வரை என் பொறுப்பு. 2001 மே லீவில், பள்ளத்தூர் வீட்டு இரண்டாங்கட்டு அறையில், டயப்லோ 2 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை நாங்கள் அப்படித்தான் விளையாடினோம். பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா, குடும்பம் சிங்கப்பூரில் இருந்தது. லீவுக்கு வந்த அண்ணன் பெட்டியில் மூன்று சிடி: ஒன்று இன்ஸ்டால் செய்ய, ஒன்று விளையாட, ஒன்று நடுநடுவே வரும் படக்காட்சிகளுக்கு. இடுப்பு பெல்ட்டில் செருகியிருக்கும் மருந்துக் குப்பிகளைக் குடிக்கத்தான் அந்த நாலு கீயும். "தம்பி, ஒன்னு! ஒன்னு அமுக்குடா!" என்று அண்ணன் கத்துவார். அமுக்கினால் சிவப்பு மருந்து இறங்கும், உயிர் ஏறும். எனக்கு அப்போது பதினொரு வயது.

2021 செப்டம்பரில் இதே விளையாட்டு ரிசரெக்டட் என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. நான் வாங்கியது 2023-இல். கடையடைத்து வந்து, சாப்பிட்டு, இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம் என்று இரண்டு வருஷமாக விளையாடுகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காகவும் எனக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் நாளே ஜி கீயை அமுக்கிப் பாருங்கள். புதுப் படம் மறைந்து பழைய படம் வரும், மறுபடி அமுக்கினால் புதுசு. அடியில் ஓடுவது பழைய விளையாட்டேதான், வினாடிக்கு 25 தடவை கணக்குப் போடும் அதே இயந்திரம். முப்பரிமாணப் படத்தை அதன் மேல் போர்த்தியிருக்கிறார்கள். அதனால்தான் ஓட்டமும் அடியும் கைக்குப் பழையபடியே இருக்கின்றன. அன்று 640-க்கு 480 திரையில் நான் எலும்புக்கூடு என்று நம்பிய சில புள்ளிகள் இப்போது உண்மையிலேயே எலும்புக்கூடாக நிற்கின்றன. ஆனால் பழைய படத்தின் இருட்டு வேறு. நிலவறைக்குள் இறங்கும்போது இப்போதும் ஜி கீயை அமுக்கிவிடுவேன்.

இசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிரிஸ்ட்ராம் என்ற ஊருக்கு மேட் உல்மன் அமைத்த கிட்டார், பன்னிரண்டு தந்திக் கிட்டார். எரிந்துபோன அந்த ஊருக்குள் காலை வைத்ததும் அது தொடங்கும். இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கேட்டபோது, எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் தெரிந்தது. அன்று விளையாடாமல் அங்கேயே சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

இனி சாமான் விஷயம். இந்த விளையாட்டில் பாதி நேரம் சண்டை, மீதி நேரம் சாமான் அடுக்குவது. தோளில் சுமக்கும் பைக்கு நாற்பது கட்டம்தான், பத்துக்கு நாலு. ஒரு பெரிய கவசமே ஆறு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். கதையின் இரண்டாம் பாகத்தில், இரண்டாம் ஆக்டில், ஹொராட்ரிக் கியூப் என்ற மந்திரப் பெட்டி கிடைக்கும். அது பையில் அடைப்பது நாலு கட்டம், உள்ளே இருப்பதோ பன்னிரண்டு. எங்கள் ஆத்தா அண்டாவுக்குள் குண்டானை, குண்டானுக்குள் தூக்குவாளியை வைத்து ஒரு கல்யாணத்துச் சாமானையே ஓர் அலமாரிக்குள் அடக்கிவிடுவார். அந்தக் கியூபைப் பார்த்ததும் அண்ணன் சொன்னது, "சின்னாத்தா வீட்டு அண்டா."

அன்று இன்னொரு சங்கடம் இருந்தது. ஒருவனுக்குக் கிடைத்த நல்ல வில்லைத் தனியாட்டத்தில் நம்முடைய இன்னொரு ஆளுக்கு மாற்ற வழியில்லை. நாங்கள் விளையாடியது நெக்ரோமேன்சர், செத்தவர்களை எழுப்பிப் படையாக்கும் மந்திரவாதி, வில் எதற்கு? கொல்லர் சார்சியிடம் விற்றுவிட்டு மனசு ஆறாமல் இருந்தோம். ரிசரெக்டடில் எல்லா ஆட்களுக்கும் பொதுவான பெட்டி உண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் நூறு கட்டம். தங்கக் காசை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்ய வேண்டாம், மேலே நடந்தாலே சேர்ந்துவிடுகிறது. புதிதாகச் சேர்த்ததில் இந்த இரண்டும் முழு மனதோடு பாராட்ட வேண்டியவை. தோள்பையை மட்டும் பெரிதாக்காமல் விட்டதும் சரிதான். எதை எடுப்பது, எதை விடுவது என்ற யோசனை போய்விட்டால் இந்த விளையாட்டில் பெரிய ருசி போய்விடும்.

எங்கள் முதல் நெக்ரோமேன்சர் நைட்மேர் என்ற இரண்டாவது கடின நிலையில் முடங்கிப்போனான். கிடைத்த புள்ளிகளை எல்லா வித்தைகளிலும் ஒவ்வொன்றாகத் தூவியிருந்தோம். எலும்புப் படையும் இல்லை, மந்திரமும் இல்லை. போட்ட புள்ளியை அன்று திரும்ப எடுக்க முடியாது. 2010-இல் வந்த 1.13 பேட்சிலிருந்துதான், முதல் ஆக்டில் ஒரு குகையைச் சுத்தம் செய்து கொடுத்தால் அகாரா என்ற பூசாரிணி ஒவ்வொரு கடின நிலைக்கும் ஒரு முறை புள்ளிகளைத் திருப்பித் தருகிறாள். இந்தத் தடவை எலும்புக்கூடு, அதன் துணைத் திறன், பிணத்தை வெடிக்க வைக்கும் வித்தை என்று மூன்றில் மட்டும் கொட்டினேன். கூலிக்கு வரும் ஈட்டிக்காரன் கையில் ரால், டிர், டால், சோல் என்ற நாலு ரூனையும், அதாவது மந்திர எழுத்துக் கல்லையும், அதே வரிசையில் பதித்த ஆயுதத்தைக் கொடுத்தேன். அப்புறம் மந்திரச் சக்தி தீரும் கவலையே இல்லை. ஹெல் என்ற கடைசிக் கடின நிலையை முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

மூன்றாம் ஆக்டின் காடு அன்றும் அலுப்பு, இன்றும் அலுப்பு.

இரண்டாம் ஆக்டின் கடைசி அரக்கன் டுரியலைச் சொல்லாமல் விட முடியாது. ஏழு கல்லறையில் எது உண்மையானது என்று கண்டுபிடித்து, கோலைப் பொருத்தி, சுவர் உடைந்து உள்ளே போனால் ஒரு சின்ன அறை. ஓட இடம் கிடையாது. அவன் பக்கத்தில் போனாலே உடம்பு உறைந்து நடை தளரும். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் சிடி சுற்றிச் சுற்றி அந்த அறை திரைக்கு வருவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். செத்தால் கவசமெல்லாம் பிணத்தோடு அவன் காலடியில். வெறும் உடம்போடு திரும்பத் திரும்ப உள்ளே ஓடினோம். வெளியேறி மறுபடி நுழைந்தால் பிணம் ஊருக்குள்ளேயே வந்துவிடும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

குறை என்று எனக்குப் படுவது இரண்டுதான், ஆனால் பெரியவை. ஆஃப்லைனில் வளர்த்த ஆளை ஆன்லைனுக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டும் தனித்தனி. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனோடு சேர்ந்து விளையாட, ஏழு மாதம் வளர்த்த நெக்ரோமேன்சரை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பாலடினை, கவசம் போட்ட வீரனை, முதல் லெவலிலிருந்து தொடங்கினேன். இங்கே ஒன்பதரை என்றால் அங்கே நடுராத்திரி பன்னிரண்டு. வாரத்துக்கு ஒரு நாள்கூட அமைவதில்லை. அதைவிட வருத்தம் இன்னொன்று. பழைய விளையாட்டில் இருந்த டிசிபி-ஐபி வசதி, இன்டர்நெட் இல்லாமலே ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்கும் வழி, இதில் இல்லை. இசையை, இருட்டை, டுரியலின் சின்ன அறையைக்கூடக் கை வைக்காமல் காப்பாற்றியவர்கள் இதை எடுத்திருக்க வேண்டாம்.

போன மாசி மாதம் முன்னோர்களுக்கான படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் பள்ளத்தூரில் கூடினோம். அண்ணனும் லேப்டாப்போடு வந்திருந்தார். பந்தி முடிந்து வளவில், அதாவது உள்முற்றத்தில், பாய் விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எங்கள் வீட்டுச் சுவர் கனத்துக்கு வளவுக்குள் போன் சிக்னல் நுழையாது. அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தும் இரண்டு பேரும் ஒரே ஆட்டத்துக்குள் போக முடியவில்லை. சிக்னல் கிடைக்கும் முகப்புத் திண்ணையில் அய்யாமார் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தன் லேப்டாப்பை மூடினார். என்னுடையதில் ஆஃப்லைனில் புது நெக்ரோமேன்சர் ஒருவனை உருவாக்கி, மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன். விடியற்காலை மூன்றரைக்கு டுரியல் அறைக்குள் போனோம். பெல்ட்டில் நாலு சிவப்புக் குப்பி இருந்தது. மூன்றாவது தீர்ந்தபோது அவன் விழுந்தான்.