கார்புரேட்டர் கழுவ அல்ட்ராசோனிக் தொட்டி வேண்டுமா, பிரஷ் போதுமா?

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் புதிய பைக்குகளில் அநேகமாக மறைந்துவிட்டது. ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட், பழைய ஸ்ப்ளெண்டர் எல்லாம் இன்னும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் அடைத்துக்கொள்வதும் அதுதான். சுத்தம் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன: மண்ணெண்ணெயும் பிரஷும், கார்ப் கிளீனர் ஸ்ப்ரே, அல்ட்ராசோனிக் தொட்டி. அழுக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

வெளிப்புறத்து எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் கலந்த மேலோட்டுக்கு மண்ணெண்ணெயை அடித்துக்கொள்ள வேறொன்றில்லை. கிடைக்காத ஊர்களில் டீசல் அந்த வேலையைச் செய்கிறது. பல பட்டறைகளில் பெட்ரோலிலேயே கழுவுகிறார்கள். அதை விட்டுவிடுவது நல்லது. தண்ணீர் உறையும் குளிரிலும்கூடத் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் திரவம் அது. மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அப்படியானால் வேலூர் மே மாத மதியத்தில் அதையும் முழுதாக நம்ப முடியாது என்பது வேறு விஷயம்.

ஸ்ப்ரே, பழைய பெட்ரோல் காய்ந்து படிந்த மஞ்சள் பிசினை நொடியில் கரைக்கும். ஒரு துளையில் அடித்தால் மறு துளையில் பீய்ச்சிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பாதை அடைத்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இந்தச் சோதனை வசதி தொட்டியில் கிடையாது. ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும் என்பது இதன் குறை. கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், ஏதோ ஒரு துளை எப்போதும் முகத்தை நோக்கியே இருக்கும்.

இனி அல்ட்ராசோனிக். தொட்டியின் அடியில் ஒட்டிய அதிர்வுக் கருவிகள் பொதுவாக நொடிக்கு 40,000 முறை அதிர்கின்றன. அதனால் திரவத்துக்குள் நுண்குமிழ்கள் உண்டாகி, உடனே உள்நோக்கி நொறுங்குகின்றன. ஒவ்வொரு நொறுங்கலும் பக்கத்திலிருக்கும் அழுக்கைக் குத்திப் பெயர்க்கிறது. திரவம் நுழைந்த இடமெல்லாம் இது நடக்கும். ஐடில் பாதையின், அதாவது ஆக்ஸிலரேட்டரை முறுக்காதபோது எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியின், தலைமுடி அளவுத் துளைகளில் பிரஷ் போகாது; கம்பியை விட்டால் பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டின் துளை அகன்று பெட்ரோல் கலவையே மாறிவிடும். அங்கே இதற்கு நிகரில்லை. இயந்திரத்தைப் போட்டதும் ஜெட் துளைகளிலிருந்து கலங்கல் புகைபோல் இழையிழையாக வெளியேறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் உள்ளே காற்று சிக்கியிருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் நடக்காது. பாகத்தைத் திரவத்துக்குள் புரட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும், இடையில் ஒருமுறை திருப்பியும் போட வேண்டும். புதிய திரவத்தைச் சில நிமிடம் வெறுமனே ஓட்டி, கரைந்திருக்கும் வாயுவைப் போக்க வேண்டும். 50 முதல் 60 டிகிரி சூடு போதும். பாகம் தொட்டியின் அடியைத் தொடக்கூடாது. கூடையில்தான் கிடக்க வேண்டும். தொட்டி உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய அலுமினியத் தாளை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். ஊசியால் குத்தியதுபோல் பொத்தல் விழுந்தால் சரி.

கார்புரேட்டர் உடல் அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவையில் வார்த்தது. காஸ்டிக் சோடா கலந்த கரைசல் இரண்டையும் அரித்துக் கறுப்பாக்கும். அந்த உலோகங்களுக்கென்று விற்கும் மென்மையான கரைசலை வாங்குங்கள். பெட்ரோலை ஊற்றி ஓட்டுவது தீயை விலைக்கு வாங்குவது. மிதவை, டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் எல்லாவற்றையும் முதலில் கழற்ற வேண்டும். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவின் பள்ளத்தில் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு பொடி வாஷரும் ஓ-ரிங்கும் சில மாடல்களில் ஒளிந்திருக்கும். ஸ்க்ரூவோடு வராமல் உள்ளேயே தங்கிவிடுபவை அவை.

எஞ்சினின் மற்ற பாகங்களுக்கு வந்தால் தொட்டியின் பெருமை குறைகிறது. பிஸ்டன் தலையில் சுட்டு இறுகிய கரியை அது லேசில் அசைக்காது. கரி கரைக்கும் திரவத்தில் ஊறவைத்து மரச் சீவலால் சுரண்டுவதே வேலைக்காகும். சிலிண்டர் ஹெட் சிறிய தொட்டியில் மூழ்கவே மூழ்காது. கிரீஸ் அப்பிய பாகத்தை நேராகப் போட்டால் கரைசல்தான் நாறும். மண்ணெண்ணெய்க் குளியல் முதலில் வேண்டும். ஆக, புதிய வழிக்கும் பழைய வழியின் தயவு தேவைப்படுகிறது. பெயின்ட் அடித்த மூடிகளை உள்ளே விட்டால் பெயின்ட் உரியலாம். முடிந்ததும் வெந்நீரில் அலசி, துளைதோறும் கம்ப்ரஸர் காற்று அடித்து, இரும்புப் பாகங்களுக்கு உடனே எண்ணெய் பூசாவிட்டால் துரு தட்டும்.

ஒரே வண்டி வைத்திருப்பவர் தொட்டி வாங்குவது வீண் செலவு; ஸ்ப்ரேயும் காற்றும் பத்தில் எட்டு முறை போதும் என்பேன். அதற்குப் பிறகும் ஐடில் நிற்கவில்லையென்றால் தொட்டி வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து வாங்கலாம். இரட்டைக் கார்புரேட்டர் கொண்ட ராஜ்தூத் 350 போன்ற வண்டிகளைப் புதுப்பிப்பவருக்கும், புதிய வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழுவும் பட்டறைக்கும் 3 லிட்டர் தொட்டி காசுக்குத் தகும். மூக்குக்கண்ணாடியும் நகையும் கழுவ விற்கும் அரை லிட்டர் பெட்டியில் ஜெட் மட்டும்தான் முழுகும்.

எந்த வழியில் கழுவினாலும், திரும்ப மாட்டும் முன் பெட்ரோல் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தெரிந்தால் டேங்கைச் சுத்தம் செய்து, குழாயில் ஒரு ஃபில்டரைப் போட்ட பிறகே கார்புரேட்டரை மாட்டுங்கள்.