சிஸ்க், ரிஸ்க்: எதில் தொடங்கிப் படிப்பது?

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் முட்டி நிற்கிற இடம், ஆர்க்கிடெக்சருக்கும் ஆர்கனைசேஷனுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான். புரோகிராம் எழுதுபவர் கண்ணுக்குத் தெரிகிற கட்டளைகள், ரெஜிஸ்டர்கள் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்), மெமரி முகவரிகள் எல்லாம் ஆர்க்கிடெக்சர். அவற்றைச் சிப்புக்குள் எப்படி நடத்திக் காட்டுகிறார்கள் என்பது ஆர்கனைசேஷன். 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் சின்னதும் பெரியதுமாகப் பல மாடல்கள், உள்ளமைப்பு ஒவ்வொன்றிலும் வேறு, ஆனாலும் கட்டளைகள் ஒன்றே. இதைப் பிடித்துக்கொண்டு சிஸ்க்கையும் (CISC: ஒரே கட்டளை பல வேலைகளைச் செய்யும் ஆர்க்கிடெக்சர் வகை) ரிஸ்க்கையும் (RISC: எளிய, சின்னக் கட்டளைகள் கொண்ட வகை) பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சிஸ்க்குக்கு நாம் அன்றாடம் பார்க்கும் உதாரணம் எக்ஸ்86, அதாவது 1978இல் வந்த இன்டெல் 8086இன் வம்சம். மெமரியில் இருக்கும் எண்ணோடு ரெஜிஸ்டரில் இருப்பதைக் கூட்டி அதே இடத்தில் திரும்ப வைக்க அதில் ஒரு கட்டளை போதும். ரிஸ்க்கில் மூன்று வேண்டும்: எடு, கூட்டு, வை. பார்த்ததும் சிஸ்க்தான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றும், மெமரி கொஞ்சமாகவும் விலை அதிகமாகவும் இருந்த காலத்தில் அது சரியான கணக்கும்கூட. சிஸ்க் வகையைச் சேர்ந்த 1977இன் வாக்ஸ் கம்ப்யூட்டரில் பல்லுறுப்புக் கோவையைக் கணக்கிடவே தனிக் கட்டளை இருந்தது! ஆனால் இப்படிப்பட்ட பெரிய கட்டளைகளை, புரோகிராமை மெஷின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர்கள் அபூர்வமாகத்தான் தொட்டன. ஐபிஎம்மில் ஜான் காக், பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸி ஆகியோரின் குழுக்கள் எளிய கட்டளைகளின் பக்கம் போனது இதனால்தான்.

இன்று வித்தியாசம் உறைப்பது டீகோடிங்கில், அதாவது வரும் கட்டளை என்ன என்று சிப் பிரித்தறிவதில். எக்ஸ்86 கட்டளை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். ஒன்றின் நீளம் தெரிந்தால்தான் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ரிஸ்க் வகையான 64 பிட் ஆர்ம் (ARM) ஆர்க்கிடெக்சரில் எல்லாமே 4 பைட், அதனால் பல டீகோடர்களை ஒரே நேரத்தில் வேலைக்கு விடுவது சுலபம், 2020இல் வந்த ஆர்ம் சிப்பான ஆப்பிள் எம்1 எட்டுக் கட்டளைகளை ஒரேயடியாகப் பிரித்தது. அப்படியென்றால் சிஸ்க் தோற்றுவிட்டதா? இல்லை. இன்டெல்லின் எக்ஸ்86 சிப்பான 1995இன் பென்டியம் ப்ரோ, வரும் கட்டளைகளை உள்ளேயே சின்னச் சின்ன மைக்ரோ-ஆப்களாக உடைத்து ஓட்டியது. வெளியே பழைய ஆர்க்கிடெக்சர் அப்படியே, உள்ளே ஆர்கனைசேஷன் முழுக்கப் புதிது. ஆகவே "சிஸ்க் என்றால் மெதுவானது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், ரிஸ்க்கும் தப்புச் செய்திருக்கிறது. மிப்ஸ் (MIPS) என்ற ரிஸ்க் ஆர்க்கிடெக்சரில் தாவல் கட்டளைக்கு (புரோகிராமின் வேறு இடத்துக்குப் போகச் சொல்லும் கட்டளை) அடுத்து எழுதிய கட்டளை, தாவினாலும் தாவாவிட்டாலும் ஓடிவிடும். ஆரம்பகாலப் பைப்லைனில் (ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடும் ஏற்பாடு) ஒரு கடிகாரச் சுழற்சி வீணாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, அன்றைக்கு நல்ல யோசனைதான். ஆனால் ஆர்கனைசேஷனின் ஒரு சௌகரியத்தை ஆர்க்கிடெக்சரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள், அதனால் பைப்லைன் நீண்டு, தாவலை முன்கூட்டியே ஊகிக்கும் வசதியெல்லாம் வந்த பிறகும் பழைய புரோகிராம்களுக்காக அதைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தது. 2010இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் (RISC-V) என்ற ஆர்க்கிடெக்சர் அதை வேண்டாமென்று விட்டுவிட்டது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த கதை இதுதான், ஏனென்றால் இரண்டு சொற்களின் வித்தியாசமும் இதில் வலிக்க வலிக்கப் புரிகிறது.

மெமரியில் கட்டளைகள் பிடிக்கும் இடத்தைப் பார்த்தால் சிஸ்க்குக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு, அதை ஈடுகட்ட ரிஸ்க்-ஃபைவும் 2 பைட் குறுங்கட்டளைகளைச் சேர்த்துக்கொண்டது.

சரி, எதில் தொடங்குவது? தயங்காமல் ரிஸ்க்-ஃபைவ். அதன் 32 பிட் அடிப்படைத் தொகுதியில் கட்டளைகள் 50க்கும் குறைவு, தாளில் பைப்லைன் வரைந்து ஒவ்வொன்றையும் கையாலேயே நடத்திப் பார்க்கலாம். அது கைக்கு வந்த பிறகு எக்ஸ்86ஐத் திறங்கள், ஒரு சின்ன சி புரோகிராமை இரண்டுக்கும் கம்பைல் செய்து அசெம்பிளியை (மெஷின் கட்டளைகளின் எழுத்து வடிவம்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.